சிறு விபத்தும் பெரும் பாடமும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

நம் கிராம வாழ்க்கையில் கடந்த அரை நூற்றாண்டில் ஏற்பட்டுள்ள மாறுதல்களுள் மோட்டார் சைக்கிளின் வருகை முக்கியமான ஒன்றாகும். 1955-ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் தோன்றிப் புல்லட் வண்டிகளைத் தயாரிக்க முற்பட்ட காலத்தில், மோட்டார் சைக்கிள் என்பது போலீஸ் அதிகாரிக்கும் செல்வந்தருக்கும் உரிய வாகனம் என்றே ஜனங்கள் கருதினர். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்த பின்னர் நிலைமை மாறியது. இன்று பால் கேன், உர மூட்டை, பசுந்தீவனக் கட்டு, பள்ளிக் குழந்தை ஆகிய அனைத்தும் இரு சக்கர வாகனத்திலேயே பிரயாணம் செய்கின்றன. கட்டை வண்டி செய்து வந்த வேலையில் ஒரு பெரும் பகுதியை இவ்வாகனம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நன்மையோடு அபாயமும் வந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் 4,61,312 சாலை விபத்துக்கள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கும் அதிகமானோர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடம் பெற்றது; 64,105 விபத்துக்கள் இங்கு நிகழ்ந்தன. நாட்டில் சாலை மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிராமப் பகுதிகளில் நேர்ந்தவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனினும் இக்கணக்கில் சேர்ந்தவை பதிவான விபத்துக்கள் மட்டுமே. முழங்கால் சிராய்ந்து, வண்டியின் கண்ணாடி உடைந்து, துணியிலுள்ள மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அத்தகைய சிறு விபத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். புதிதாக வண்டி ஓட்டுபவருக்குச் சிறு விபத்து என்பது குறைந்த விலையில் கிடைக்கும் பாடமாகும். அதனை மறைப்பவரும், அதிலிருந்து தவறான பாடத்தைக் கற்பவரும், தமக்கும் பிறருக்கும் தீங்கு தேடுகின்றனர். இவ்வுண்மையை நான் சொந்த அனுபவத்திலேயே அறிந்தேன்.

பங்குனி மாதத்து அனுபவம்

ஜீப் செல்ல இயலாத வாய்க்கால் கரைகளையும் ஏரிக்கரைகளையும் நேரில் பார்வையிடும் பொருட்டு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முறைப்படி பழகுநர் உரிமம் பெற்று, சோதனையில் தேறி, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. 2023-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தின் நடுப்பகுதி. காலை ஏழு மணி இருக்கும்.

பஞ்சாயத்து யூனியன் சாலை ஒன்றில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தேன். ஒரு புளியமரத்தை ஒட்டிச் சாலை இடப்புறமாக வளைகிறது. ஓரத்தில் வேலிக்கருவை அடர்ந்திருந்தமையால் வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. திரும்பியவுடனே, சாலையின் முழு அகலத்திற்கும் உளுந்துச் செடி பரப்பியிருப்பதைக் கண்டேன். வாகனங்கள் ஏறிச் சென்றால் மணி உதிரும் என்பதற்காகப் பரப்பியது அது. செடி கலையாதிருக்க இரு ஓரங்களிலும் கருங்கற்கள் வைக்கப்பட்டிருந்தன. நான் திடுக்கிட்டு முன் பிரேக்கை முழு பலத்துடன் பிடித்தேன். கைப்பிடியோ அப்போது இடப்பக்கம் திரும்பியிருந்தது. உதிர்ந்து கிடந்த உளுந்தின்மேல் முன் சக்கரம் வழுக்கியது. மறுகணம் நானும் வண்டியும் சாலையில் கிடந்தோம்.

உள்ளங்கைகள் இரண்டும் சிராய்ந்தன. இடது முழங்காலில் இரத்தம் கசிந்தது. கிளச்சுப் பிடி வளைந்தது. ஒரு கண்ணாடி உடைந்தது. சேதம் இவ்வளவே. ஆனால் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தபோது, இடது பொட்டுக்கு நேராக ஒரு விரல் நீளத்திற்கு ஆழமான கீறல் இருந்தது.

உளுந்துக்குச் சொந்தக்காரரான முதியவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். "ஐயா, பலமான அடியா? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்" என்றார். நானோ கோபமாக, "பொதுச் சாலையிலா பயிரைப் போடுவது?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்து, "களம் இருந்தால் நாங்கள் ஏன் ஐயா சாலைக்கு வருகிறோம்? இருந்த களத்தில்தான் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்களே" என்றார். அத்தொட்டிக்கு இடம் ஒப்புக்கொள்ளப்பட்ட கோப்பு எங்கள் அலுவலகத்தின் வழியாகச் சென்றது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு நான் பேசவில்லை.

அலுவலகத்தில் கேட்டவர்களிடம் படியில் தடுக்கி விழுந்ததாகக் கூறினேன். அதிகாரி ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தார் என்று ஊர் சிரிக்குமே என்ற கூச்சமே அதற்குக் காரணம்.

மறைத்ததனால் விளைந்தது

சித்திரை பிறந்த மறுவாரத்தில் அதே வளைவில் மற்றொருவர் விழுந்தார். இருபத்திரண்டு வயது இளைஞர். தவணை முறையில் வண்டி வாங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. மாலை மங்கும் நேரத்தில், இரு புறமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சங்கத்திற்குச் சென்றிருக்கிறார். உளுந்து அறுவடை முடிந்து சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் வைத்த கற்களை யாரும் அகற்றவில்லை. எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. அவருடைய காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, தலை மண்மேட்டில் பட்டதனால் உயிர் பிழைத்தார். ஆறு வாரங்கள் கையைத் தூக்க இயலாமையால் பால் கறக்க முடியவில்லை. வண்டித் தவணைக்காக, இருந்த இரண்டு கறவை மாடுகளில் ஒன்றை விற்க நேர்ந்தது.

அக்கற்களை நான் பார்த்திருந்தேன். விழுந்த மறுநாளே பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு வார்த்தை கூறியிருந்தால், இரண்டு ஆட்கள் பத்து நிமிஷத்தில் அவற்றை அப்புறப்படுத்தியிருப்பார்கள். என் கூச்சத்திற்குரிய விலையை வேறொருவர் கொடுத்தார். இக்கட்டுரையை எழுதுவதற்கு இதுவே காரணம்.

மூன்று தவறான முடிவுகள்

சிறு விபத்து நேர்ந்தவுடன் நாம் பெரும்பாலும் மூன்று தவறான முடிவுகளுள் ஒன்றிற்கு வருகிறோம்.

முதலாவது, "நேரம் சரியில்லை" என்பது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு மறுநாள் அதே வேகத்தில் அதே வளைவில் செல்கிறோம். தெய்வ வழிபாடு அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் வளைவிலுள்ள மணலை அது கூட்டிவிடாது.

இரண்டாவது, குற்றம் முழுவதையும் பிறர்மேல் சுமத்துவது. சாலையில் தடை ஏற்படுத்துவது சட்டப்படி குற்றமே. அதை நான் மறுக்கவில்லை. எனினும், அன்று அவ்வளைவில் உளுந்துக்குப் பதிலாக ஒரு பசுமாடோ, பள்ளிச் சிறுமியோ நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குள், நிறுத்த முடியாத வேகத்தில் நான் நுழைந்தேன் என்பதே உண்மை.

மூன்றாவது முடிவு மிகவும் அபாயகரமானது. "முன் பிரேக்கைப் பிடித்ததால்தான் விழுந்தேன், இனி அதைத் தொடவே மாட்டேன்" என்று நான் தீர்மானித்தேன். நம் கிராமங்களில் புதிதாகக் கற்பவருக்கு அநேகர் கூறும் அறிவுரையும் இதுவே. எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர், நெடுங்காலம் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர், நான் பின் பிரேக்கை மட்டும் மிதித்து வருவதைக் கவனித்துவிட்டு, விஷயத்தை என்னிடமிருந்து வரவழைத்தார். பிறகு, "முன் பிரேக் உங்களைத் தள்ளவில்லை ஐயா. நீங்கள் அதைப் பிடித்த இடமும், பிடித்த விதமும்தான் தள்ளின" என்றார்.

அவர் கூறியதை ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை அவை நிகழ்ந்த இடங்களுக்கே சென்று தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1981-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லாதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ கற்றவர்கள். முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆபத்துச் சமயத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர். முன் பிரேக்கைப் போதிய அளவு உபயோகிக்கவில்லை. தப்புவதற்கு அவர்களுக்குக் கிடைத்த அவகாசமோ இரண்டு விநாடிக்கும் குறைவு. இடம் அமெரிக்காவாயினும், அண்ணனிடமோ நண்பனிடமோ ஒரு மாலைப் பொழுதில் வண்டி கற்கும் நம் இளைஞருக்கும் இது பொருந்தும்.

வண்டி எவ்வாறு நிற்கிறது?

ஓடும் மாட்டுவண்டியைச் சட்டென நிறுத்தினால் மூட்டைகள் முன்னோக்கிச் சாய்வதை விவசாயிகள் அறிவார்கள். மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே பிரேக் போட்டவுடன் பாரம் முன் சக்கரத்தின்மேல் விழுகிறது. பாரம் மிகுந்த சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது. ஆகவே, நேரான உலர்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிற்கே உண்டு. பின் பிரேக்கை மட்டும் நம்புபவர் வண்டியின் நிறுத்தும் சக்தியில் பாதிக்கு மேல் வீணாக்குகிறார்.

அதே சமயம், முன் சக்கரம்தான் வண்டிக்குத் திசை காட்டுவது. கைப்பிடி திரும்பியிருக்கையில், மணலிலோ தானியத்திலோ முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால் சக்கரம் சுழல்வது நின்று வழுக்கும். வண்டி உடனே விழும். எனவே கற்கவேண்டியது இதுதான்: வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்கவேண்டும்; இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உபயோகிக்கவேண்டும்; முன் பிரேக்கை மாட்டின் காம்பைப் பிடிப்பதுபோல முதலில் மெல்லவும், பிறகு படிப்படியாக அழுத்தியும் பிடிக்கவேண்டும்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் தேவை என்பதையும் அறிந்துகொள்வது நலம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்றும், புதியவர் ஒருவர் உலர்ந்த தார்ச்சாலையில் மிதமாகவே பிரேக் போடுகிறார் என்றும் கொண்டால், கணக்கு ஏறத்தாழப் பின்வருமாறு அமைகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க 15 மீட்டர் தேவை. 40 கிலோமீட்டரில் 23 மீட்டர். 60 கிலோமீட்டரில் 44 மீட்டர். வேகம் இரு மடங்கானால் தூரம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மணலோ, வைக்கோலோ, தானியமோ கிடந்தால் இத்தூரம் இன்னும் பெருகும்.

பின்னர் ஒரு நாள் அவ்வளைவைக் காலடியால் அளந்து பார்த்தேன். வண்டி ஓட்டி வருபவர் கண்ணுக்கு எட்டிய தூரம் 20 மீட்டருக்கும் குறைவு. நான் வந்த வேகத்திற்கு நல்ல தார்ச்சாலையிலேயே 23 மீட்டர் வேண்டும். ஆகவே என் தவறு பிரேக்கைப் பிடித்தபோது தொடங்கவில்லை; புளியமரத்திற்கு முன்பே வேகத்தைக் குறைக்காதபோதே தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே சரியான வேகம். இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதாகும்.

தானியம், ஈர வைக்கோல், சாணம், டிராக்டரின் கேஜ் வீல் விட்டுச் சென்ற சேறு ஆகியவற்றின்மேல் போக நேர்ந்தால், அவற்றை அடையுமுன் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை நேராக வைத்து, அதன்மேல் செல்லும்போது பிரேக் போடாமலும் திருப்பாமலும் கடக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளிச் செல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. புதிதாகக் கற்றவர் முதல் சில மாதங்களுக்குப் பால் கேன், மூட்டை முதலியவற்றை ஏற்றாதிருப்பது உத்தமம். ஏற்றியே ஆகவேண்டுமாயின், இரு புறமும் சம எடையாகவும், தாழ்வாகவும், அசையாமலும் கட்டவேண்டும்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தபட்சம் இரு பிரேக்குகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. இவை பெரிதும் உதவுகின்றன. ஆயினும் கிராமங்களில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் இவை இல்லை. எந்த அமைப்பும் உளுந்தைத் தார்ச்சாலையாக மாற்றிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தலைக்கவசத்தின் வரலாறு

ஒரு விபத்தை மறந்துவிடாமல் ஆராய்ந்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்குத் தலைக்கவசத்தின் வரலாறே சான்று. முதல் உலக யுத்தத்தில் அரேபியாவில் புகழ் பெற்ற லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாதிருக்க விலகி, கீழே விழுந்து தலையில் அடிபட்டார். ஆறு நாட்களில் மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். இம்மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் தலையில் நேரும் காயங்களை அவர் ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியின்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயத்தை 69 பங்கும் குறைக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்பவருக்கும் இதனைக் கட்டாயமாக்குகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்கவேண்டும். வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டால், விழும்போது நமக்கு முன்னே அது சாலையில் உருளும். பலமாக ஒருமுறை அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் உபயோகிக்கலாகாது. உள்ளிருக்கும் மெத்தை நசுங்கியபின் மீண்டும் அடியைத் தாங்காது. என்னுடையதை நான் மாற்றிவிட்டேன். கீறல் விழுந்ததை அலுவலக அலமாரியின்மேல் பார்வையில் படும்படி வைத்திருக்கிறேன்.

விழுந்த பின் செய்யவேண்டியவை

முதலில் வண்டியின் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தி, சாலையை விட்டு ஒதுங்கவேண்டும். "ஒன்றுமில்லை" என்று உடனே ஏறிப் புறப்படுதல் தவறு. பத்து நிமிஷமாவது அமர்ந்து, கை கால்கள் அசைகின்றனவா, தலையில் வலி உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். தலையில் அடிபட்டவரை ஒரு நாள் முழுவதும் வீட்டார் கவனிக்கவேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, மயக்கம், தடுமாறிய பேச்சு, காது மூக்கிலிருந்து இரத்தம் அல்லது நீர் வடிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். சிராய்ப்பு சிறிதாயினும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும்.

பலத்த அடியாயின், விழுந்தவரை இழுத்துத் தூக்கி உட்கார வைப்பதோ, நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. 108 எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். உதவி செய்தால் போலீஸ் நிலையம், கோர்ட்டு என்று அலையவேண்டுமே என்று அஞ்சுவோர் உளர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் நம் மாநிலத்தில் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது.

உடலைக் கவனித்தபின் வண்டியைக் கவனிக்கவேண்டும். கைப்பிடி நேராக உள்ளதா, பிரேக் பிடிக்கிறதா, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்காமல் ஓட்டலாகாது.

இறுதியாக, அன்றிரவே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளவேண்டும். நான் என்ன செய்தேன்? சாலை எவ்வாறு இருந்தது? அதை அவ்வாறு இருக்கச் செய்தது எது? என் விடைகள் இவை: வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கவில்லை, வேலிக்கருவை பார்வையை மறைத்தது, உளுந்து சாலையில் கிடந்தது, ஊரில் களம் இல்லை. இம்மூன்றில் முதலாவதை நானே திருத்திக்கொள்ளலாம். மற்ற இரண்டும் பஞ்சாயத்தின் பொறுப்பு.

கிராம சபையில்

2023-ஆம் ஆண்டு மே முதல் தேதி நடந்த கிராம சபைக் கூட்டத்தில், திட்டங்களைப் பற்றிப் பேசிய பின் என் விபத்தைப் பற்றிக் கூறினேன். படியில் தடுக்கி விழுந்ததாகச் சொன்ன பொய்யையும் கூறினேன். சிலர் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும், "அந்த வளைவில் விழுந்தவர்கள் வேறு யாரேனும் உண்டா?" என்று கேட்டேன். முதலில் ஒருவர் கை தூக்கினார்; பிறகு ஒவ்வொருவராக ஒன்பது பேர் தூக்கினர். அவர்களுள் இருவர் பெண்கள். கையில் கட்டுடன் அமர்ந்திருந்த அந்த இளைஞரைத் தவிர, மற்ற எவரும் அதுவரை வெளியில் சொன்னதில்லை. ஒரே இடத்தில் இத்தனை பேர் விழுந்திருப்பதை அறியாமல் ஊர் இருந்திருக்கிறது. ஏனெனில் ஒவ்வொருவரும் தம் வீழ்ச்சியைத் தம் சொந்தக் குறையாகவே எண்ணி மறைத்திருக்கின்றனர்.

அந்த வாரத்திலேயே வேலிக்கருவை வெட்டப்பட்டது. கற்களும் மணலும் அகற்றப்பட்டன. உலர்களத்திற்குப் புறம்போக்கு நிலம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவ்வனுபவத்திலிருந்து, பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கவனத்திற்குச் சில யோசனைகளைக் கூற விரும்புகிறேன்.

ஒன்று, உலர்களம். சாலையில் பயிரைப் போடாதே என்று கூறும் பஞ்சாயத்து, எங்கே போடுவது என்பதையும் கூறக் கடமைப்பட்டது. களம் அமையும் வரையில், சாலையின் ஒரு பாதியை விட்டுவைப்பது, வளைவிலும் பாலத்தருகிலும் அறவே பரப்பாதிருப்பது, சற்றுத் தொலைவிலேயே சிவப்புத் துணி கட்டிய கோலை நடுவது, பொழுது சாயுமுன் கற்கள் உட்பட அனைத்தையும் அகற்றுவது என்று கிராம சபையில் ஏகமனதாக முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு, வளைவுகளில் பார்வையை மறைக்கும் புதர்களை மழைக்காலத்திற்குப் பின் ஆண்டுதோறும் வெட்டுதலும், படியும் மணலை அடிக்கடி அகற்றுதலும். அனுமதியின்றி எழுப்பப்பட்ட வேகத்தடைகள் இருப்பின் அவற்றை அகற்றவேண்டும்; அனுமதி பெற்றவற்றிற்கு வெள்ளை வர்ணம் பூசவேண்டும்.

மூன்று, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். யார் விழுந்தார் என்பதன்று. எங்கே, எந்நேரத்தில், எதனால் என்பதை அதில் எழுதவேண்டும். ஒரே இடம் மூன்று முறை வந்தால் தலைவர் நேரில் சென்று பார்க்கவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையே.

நான்கு, புதிதாக உரிமம் பெற்றவர்கள் பிரேக் போட்டுப் பழகுவதற்கு, வாரச்சந்தைத் திடலையோ பள்ளி மைதானத்தையோ விடுமுறை நாள் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருதல். அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவர் மேற்பார்த்தால் போதும்.

ஐந்து, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு வண்டியைக் கொடுக்கலாகாது என்பதை ஒவ்வொரு கிராம சபையிலும் வலியுறுத்துதல். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரும்.

இவற்றால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று நான் கூறவில்லை. அவ்வூரில் உலர்களம் மறு ஆண்டு அறுவடைக்குத்தான் தயாராயிற்று. அது ஊர் விளைச்சலில் பாதிக்கே போதுமானதாக இருக்கிறது. அவசரத்தில் சாலைக்கு வருபவர்கள் இன்றும் உளர். ஆனால் வளைவில் யாரும் பரப்புவதில்லை. சிவப்புத் துணியை முன்கூட்டியே நடுகிறார்கள். அன்று எனக்குத் தண்ணீர் கொடுத்த முதியவரே அதை முதலில் நட்டவர்.

மாட்டை விற்ற இளைஞர் இப்போது தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுகிறார். பஞ்சாயத்து அலுவலகத்து நோட்டுப் புத்தகத்தில் விவரங்களைக் கேட்டு எழுதும் பொறுப்பையும் அவரே விரும்பி ஏற்றுக்கொண்டார். அதன் முதல் பக்கத்தில் உள்ள முதல் குறிப்பு என்னுடையது. தங்கள் ஊரிலும் அத்தகைய புத்தகம் ஒன்றைத் திறந்து, முதல் குறிப்பைத் தாங்களே எழுதும்படி பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தலைவர் தம் வீழ்ச்சியைச் சொன்னால், மற்றவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.